வைக்கோல் விலையா, லாரி வாடகையா?

இரவு பத்து மணிக்கு மேல் பழங்காநத்தம் ரவுண்டானா பக்கம் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும். தூரத்தில் ஒரு வீடே நகர்ந்து வருவது போல இருக்கும். பக்கத்தில் வந்த பிறகுதான் அது வைக்கோல் லாரி என்று புரியும். பாடிக்கு வெளியே இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, கயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்தும் ஆடி ஆடி வரும். பின்னால் வருகிற பஸ் டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்து போவார். பைக்கில் போகிறவர்கள் கண்ணில் தூசி விழுந்து திட்டிக்கொண்டே ஒதுங்குவார்கள்.

பார்க்கிற எல்லோருக்கும் தோன்றுவது "அடேயப்பா, எவ்வளவு பெரிய லோடு!" என்பதுதான். உண்மை நேர் எதிர். ரோட்டில் போகிற லோடு லாரிகளிலேயே மிகக் குறைந்த எடையோடு போகிறவற்றில் அதுவும் ஒன்று. அதில் இருப்பது கொஞ்சம் வைக்கோல், நிறையக் காற்று. அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் மதுரையில் மாடு வைத்திருக்கிறவர்கள் வாடகை கொடுக்கிறார்கள்.

பழங்காநத்தம் பற்றி வெளியூர் நண்பர்களுக்காக இரண்டு வரி. 1999-ல் மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் வருகிற வரைக்கும் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் போகிறவர்கள் இங்கேதான் பஸ் ஏறினார்கள். இன்று கடைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்த பகுதி. ஆனாலும் மெயின் ரோட்டை விட்டு உள்தெருக்களுக்குள் போனால், வாசலில் இரண்டு மாடு கட்டியிருக்கிற வீடுகளை இன்னும் பார்க்கலாம். அவனியாபுரம், திருப்பரங்குன்றம் பக்கம் போகப் போக இந்த வீடுகள் அதிகம். பெரும்பாலும் மாட்டைப் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்கள்தான். நிலம் கிடையாது. மேய்ச்சலுக்கு இடம் கிடையாது. தவிடு, புண்ணாக்கு கடையில், வைக்கோல் லாரியில்.

இதில் ஒரு வேடிக்கை. மாட்டுத்தாவணி என்றாலே மாட்டுச் சந்தை என்றுதான் பொருள். பேருந்து நிலையத்தின் பெயரில்கூட மாடு நிற்கிற ஊரில், மாட்டுக்கு ஒரு பிடி தீனி வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கிறது. மாடு போதாதென்று யானையைக் கட்டிப் போரடித்ததாகப் பெருமை பேசும் ஊர் இது. இப்போது அந்த ஊருக்குள் வைக்கோலைக் கொண்டுவருவது 'குட்டியானை'! (டாடா ஏஸ் வண்டிக்கு நம் மக்கள் வைத்த பெயர்.) பெரிய லாரி தெருவுக்குள் நுழையாது என்பதால், ஊர் எல்லையில் இறக்கி, கட்டு கட்டாகக் குட்டியானையில் ஏற்றித் தெருத்தெருவாக வருவார்கள்.

அப்போது நடக்கிற பேச்சு அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

"ஏன் தம்பி, போன தடவைக்கு இப்ப கட்டுக்கு இருவது ரூவா கூடச் சொல்றீக?"

"டீசல் விக்கிற விலை தெரியும்லக்கா?"

அக்காவுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அதனால் பேச்சு அதோடு முடிந்துவிடும். டீசல் என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த இருபது ரூபாயில் டீசலின் பங்கு எவ்வளவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை கையில் கிடைத்த ரசீதிலிருந்து எடுத்த எண்கள் இல்லை; விஷயம் புரிவதற்காக, நடைமுறைக்குப் பக்கமாக வைத்துக்கொண்ட எண்கள். யார் வேண்டுமானாலும் தங்கள் ஊர் எண்ணைப் போட்டு மாற்றிப் பார்க்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்குச் சுமார் 190 கிலோமீட்டர். வைக்கோல் லாரிக்குத் திரும்பிப் போக லோடு கிடைப்பது அபூர்வம். ஆகவே போக வர 380 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 95 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 8,550 ரூபாய். டிரைவர், கிளீனர் சம்பளமும் பேட்டாவும் 2,450. சுங்கச்சாவடி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்து 4,000. டயர், இன்சூரன்ஸ், வண்டிக் கடன், முதலாளிக்கு மிஞ்ச வேண்டியது 3,000. மொத்தம் 18,000 ரூபாய்.

இதே லாரியில் அரிசி மூட்டை ஏற்றினால் 10 டன் ஏற்றலாம். கிலோவுக்கு வாடகை 1 ரூபாய் 80 பைசா. கிலோ 50 ரூபாய் அரிசியில் இது 4 சதவீதம்கூட இல்லை. சாப்பிடுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

உதிரி வைக்கோல் ஏற்றினால்? எவ்வளவு மிதித்து அடைத்தாலும் இரண்டரை டன்னைத் தாண்டுவது கஷ்டம். லாரியின் உயரத்துக்குச் சட்டப்படி வரம்பு உண்டு. அதை மீறினால் அபராதம் மட்டும் பிரச்சினை இல்லை. தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியில் உரசி லாரியே எரிந்துபோன செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம்! ஆகவே இரண்டரை டன்னுக்கு 18,000 ரூபாய். கிலோவுக்கு 7 ரூபாய் 20 பைசா. வயலில் அந்த வைக்கோலை கிலோ 4 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், மதுரையில் அதன் அடக்க விலை 11 ரூபாய் 20 பைசா. மாடு தின்பது 4 ரூபாய் வைக்கோலை. மீதி 7 ரூபாய் 20 பைசாவை ரோடு தின்கிறது.

இயந்திரத்தில் சுருட்டிக் கட்டிய வைக்கோல் என்றால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. கட்டு ஒன்று 15 கிலோ என்று வைத்தால், 265 கட்டு ஏற்றினால் ஏறக்குறைய 4 டன். வாடகை கிலோவுக்கு 4 ரூபாய் 50 பைசா. கட்டுகிற கூலியாகக் கிலோவுக்கு 2 ரூபாய் சேர்த்தாலும் 6 ரூபாய் 50 பைசாதான். உதிரியாகக் கொண்டுவருவதைவிட மலிவு.

எடை குறைந்த, இடத்தை அடைக்கிற எந்தப் பொருளுக்கும் இதுதான் விதி. லாரிக்காரர் எடைக்கு வாடகை வாங்குவதில்லை, நடைக்கு வாங்குகிறார். 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பை 20, 25 சதவீதம் வரை உயர்த்தியது. சிமெண்ட், அரிசி, இரும்பு ஏற்றுகிறவர்களுக்கு அதில் லாபம். வைக்கோல் ஏற்றுகிறவருக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. எடை வரம்பை எட்டுவதற்கு வெகுமுன்பே அவருடைய லாரி நிறைந்துவிடுகிறது.

சரி, இப்போது டீசலுக்கு வருவோம். 2014 அக்டோபரில் டீசல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2017 ஜூனிலிருந்து நாடு முழுக்க விலை தினமும் மாறத் தொடங்கியது. 2021 நவம்பர் தொடக்கத்தில் சென்னையில் லிட்டர் 102 ரூபாயைத் தாண்டியது. அந்த மாதம் 4-ம் தேதி மத்திய அரசு கலால் வரியில் 10 ரூபாய் குறைத்தது. 2022 மே மாதம் இன்னும் 6 ரூபாய் குறைத்தது.

10 ரூபாய் ஏறினால் நம் கணக்கில் என்ன ஆகும்? 95 லிட்டருக்கு 950 ரூபாய். 4 டன்னுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 24 பைசா. ஒரு மாடு நாளுக்கு 6 கிலோ வைக்கோல் தின்கிறது என்றால் மாதம் 180 கிலோ. ஆக மாதத்துக்கு 43 ரூபாய் கூடுகிறது. 15 கிலோ கட்டு ஒன்றுக்கு நாலு ரூபாய்கூட இல்லை.

கட்டுக்கு இருபது ரூபாய் ஏறியதற்கு டீசல் காரணம் என்றால், டீசல் லிட்டருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் ஏறியிருக்க வேண்டும்! அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. விற்கிறவர் பொய் சொல்கிறார் என்றும் இதற்குப் பொருள் இல்லை. அவருக்கே வேறு காரணம் தெரிந்திருக்காது. வாங்கிய இடத்தில் விலை கூடச் சொன்னார்கள், அவரும் கூடச் சொல்கிறார்.

டீசலில் ஒரு நியாயமான புகார் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். வைக்கோலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மாட்டுத் தீனிக்கு வரி போடக் கூடாது என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் டீசல் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. மத்திய அரசின் கலால் வரி ஒரு பக்கம். தமிழக அரசின் மதிப்புக் கூட்டு வரி இன்னொரு பக்கம். 2020 மே மாதத்தில் அது 11 சதவீதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 பைசாவும் என்று மாற்றப்பட்டது. 190 கிலோமீட்டர் வந்த வைக்கோலில் பாதி வாடகை, அந்த வாடகையில் பாதிக்குப் பக்கம் டீசல், அந்த டீசலில் கணிசமான பங்கு வரி. வரி இல்லாத வைக்கோலுக்குள் வரி ஒளிந்துகொண்டுதான் வருகிறது. பால் ஊற்றிப் பிழைக்கிற பெண் அதைத் திரும்பக் கேட்க வழியே இல்லை.

ஆனாலும் டீசலைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. தூரம்.

இதே வைக்கோல் மேலூரிலிருந்து வந்தால்? மதுரைக்கு 30 கிலோமீட்டர். போக வர 60. டீசல் 15 லிட்டர், 1,350 ரூபாய். ஆள் கூலி 1,200. ஏற்றி இறக்க 3,000. வண்டிக்கு 850. மொத்தம் 6,400. கிலோவுக்கு 1 ரூபாய் 60 பைசா. தஞ்சாவூர் வைக்கோலுக்கு 4 ரூபாய் 50 பைசா. வித்தியாசம் 2 ரூபாய் 90 பைசா. மாதம் 180 கிலோவுக்கு 522 ரூபாய். டீசல் பத்து ரூபாய் ஏறினால் 43 ரூபாய். வைக்கோல் மேலூருக்குப் பதில் தஞ்சாவூரிலிருந்து வந்தால் 522 ரூபாய். எதைப் பற்றி நாம் அதிகம் பேச வேண்டும்?

அப்படியானால் மேலூரிலேயே வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம், தண்ணீர் வந்தால்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் நெல் விளைவது பெரியாறு, வைகைத் தண்ணீரை நம்பித்தான். 1895-ல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையும், 1959-ல் வந்த வைகை அணையும்தான் ஆதாரம். இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர். மேலூர், திருமங்கலம் பகுதிகளை உள்ளடக்கிய ஒருபோகப் பாசனம் 1,05,002 ஏக்கர். அணையில் தண்ணீர் போதுமான அளவு இருக்கிற ஆண்டில் இந்த ஒன்றரை லட்சம் ஏக்கரும் விளையும். அப்போது அறுவடை முடிந்த கையோடு வைக்கோல் பக்கத்திலேயே கிடைக்கும். தண்ணீர் குறைந்தால் முதலில் அடிபடுவது ஒருபோகப் பாசனம்தான். அந்த ஆண்டு மதுரைக்குத் தீனி போடுகிற வயல் திடீரென்று நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது.

பழங்காநத்தத்துத் தெருவில் ஒரு கட்டு வைக்கோல் என்ன விலை என்பதை பெட்ரோல் பங்க் போர்டைவிட முல்லைப்பெரியாறு நீர்மட்டம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. டீசல் விலை மேலூர் வைக்கோலையும் தஞ்சை வைக்கோலையும் ஒரே அளவு பாதிப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். மேலூர் வைக்கோலில் 10 ரூபாய் உயர்வு கிலோவுக்கு 4 பைசாகூட இல்லை. தூரம் கூடக் கூடத்தான் டீசலுக்குப் பல் முளைக்கிறது.

இத்தோடு இன்னொரு இழுப்பும் இருக்கிறது. கேரளா. அங்கே 1970-களின் நடுவில் 8.8 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு இருந்த நெல் பரப்பு, பின்னாளில் சுமார் 2 லட்சமாகச் சுருங்கிவிட்டது. நெல் போனால் வைக்கோலும் போகும். மாடு மட்டும் இருக்கிறது. அதனால் தேனி, கம்பம் பக்கத்து வைக்கோல் குமுளி மலை ஏறிக் கேரளா போவது பல ஆண்டுகளாக நடக்கிற வியாபாரம். கேரள வியாபாரிமேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவர் கூடுதல் விலை கொடுக்கிறார், விவசாயி விற்கிறார். உழுதவனுக்கு வைக்கோலிலாவது நாலு காசு கிடைக்கட்டும். ஆனால் விளைவு என்ன? பக்கத்து வைக்கோல் மேற்கே போகிறது. மதுரை கிழக்கே பார்த்துக் கையேந்துகிறது. இரண்டு லாரிகளும் ஆளுக்கொரு பக்கம் காற்றைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன.

பஞ்சம் வந்தால் இது எல்லாம் ஒரே நேரத்தில் முற்றும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் பொய்த்தது. 2017 ஜனவரி 10-ம் தேதி மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மதுரைப் பக்கமும் விளைச்சல் இல்லை, காவிரி டெல்டாவும் காய்ந்தது. பக்கத்து வைக்கோல் இல்லாதபோது தூரத்து வைக்கோலும் இல்லை. இன்னும் தூரம் போக வேண்டும். அந்த ஆண்டு தமிழக அரசு உலர்தீவனக் கிடங்குகள் திறந்து, கிலோ 2 ரூபாய்க்கு வைக்கோல் கொடுத்தது. மாட்டுக்கு நாளுக்கு 3 கிலோ, ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 5 மாடு, வாரத்துக்கு 105 கிலோ என்று அளவு. பல மாடுகளின் உயிரைக் காப்பாற்றிய திட்டம் அது. குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் எப்போது வாங்கப்பட்ட வைக்கோல் அது? விலை உச்சத்தில் இருக்கும்போது, தூரம் உச்சத்தில் இருக்கும்போது. வீடு பற்றி எரிகிறபோது கிணறு வெட்டினால் கூலி கூடத்தான் ஆகும்.

வைக்கோல் விலையில் தூரம் என்ன செய்யும் என்று இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் பஞ்சாபைப் பார்க்கலாம். அங்கே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் கிடைக்கிறது. அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையில் இரண்டு மூன்று வாரம்தான் அவகாசம். அள்ளி அனுப்புகிற செலவு வைக்கோல் விலையைவிட அதிகம். அதனால் ஒவ்வொரு அக்டோபர், நவம்பரிலும் வயலிலேயே தீ வைக்கிறார்கள். அந்தப் புகை டெல்லி வரை போகிறது. இங்கே ஒரு கட்டுக்குப் பேரம் பேசுகிறோம், அங்கே அதே பொருளை எரிக்கிறார்கள்! 2022-ல் பஞ்சாப் வைக்கோலை ரயிலில் கேரளாவுக்கு அனுப்பலாமா என்று இரண்டு மாநில அரசுகளும் பேசிக்கூடப் பார்த்தன. பேசுவது சுலபம். இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்றைச் சுமந்து வர வேண்டுமே.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? "வைக்கோல் ஏறினால் பால் விலையை ஏற்றிக்கொள்ள வேண்டியதுதானே" என்று சிலர் சொல்லலாம். முடியாது. லாரிக்காரர் வாடகையை ஏற்றலாம். வியாபாரி கட்டு விலையை ஏற்றலாம். பால் கொடுக்கிறவர் மட்டும் தன் விலையைத் தானே வைக்க முடியாத இடத்தில் இருக்கிறார். ஆவின் கொள்முதல் விலையை அரசு தீர்மானிக்கிறது. தனியார் பால் நிறுவனங்களும் அதை ஒட்டித்தான் கொடுக்கும். 2022 நவம்பரில் பசும்பால் லிட்டருக்கு 32-லிருந்து 35 ரூபாய் ஆனது. தீவன விலைக்கு இது போதாது, 42 வேண்டும் என்று 2023 மார்ச்சில் பால் உற்பத்தியாளர்கள் ஆவினுக்குப் பால் அனுப்பாமல் போராடினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 18-லிருந்து லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்கப்பட்டது.

அந்த 3 ரூபாயை நம் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். நாளுக்கு 8 லிட்டர் கறக்கிற மாடு மாதம் 240 லிட்டர் கொடுக்கும். வைக்கோல் தூரத்திலிருந்து வந்ததால் கூடிய 522 ரூபாயை 240 லிட்டருக்குப் பிரித்தால், லிட்டருக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 17 பைசா. போராடி வாங்கிய 3 ரூபாயில் முக்கால் பங்குக்குப் பக்கம் ரோட்டிலேயே கரைந்துவிடுகிறது. கொள்முதல் விலை எவ்வளவு என்று சண்டை போடுகிற நாம், வைக்கோல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதே இல்லை.

இப்படி இரண்டு ஆண்டு போனால் என்ன நடக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதலில் வைக்கோலைக் குறைப்பார்கள். மாட்டை அவிழ்த்துத் தெருவில் விடுவார்கள். அது சுவரொட்டியையும் குப்பைத்தொட்டியையும் மேயும். பால் குறையும். பிறகு ஒரு மாடு சந்தைக்குப் போகும். வறட்சியில் எல்லோரும் விற்க வருவதால் பாதி விலைகூடக் கிடைக்காது. மழை பெய்து வைக்கோல் மலிந்த பிறகு திரும்ப வாங்கப் போனால் முழு விலை. அந்த இடைவெளியில் விழுந்த குடும்பம் மறுபடி மாடு வாங்குவதே இல்லை. காலையில் தூக்குவாளியோடு சங்கத்துக்கு நடந்த பெண், வேறு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறார். ஒரு மாடு குறைந்தது மட்டும் இல்லை, ஒரு வீட்டின் சொந்த வருமானம் போகிறது.

என்ன செய்யலாம்? பெரிய விஞ்ஞானம் ஒன்றும் தேவையில்லை. நம் தாத்தா பாட்டி செய்ததைச் சங்கம் செய்தால் போதும்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் வைக்கோல் படப்பு இருந்தது. அறுவடை முடிந்து மலிவாக இருக்கும்போது அடுக்கிவைத்து, வருஷம் முழுக்கப் பிடுங்கிப் போடுவார்கள். விலை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவில் அந்தப் படப்பு ஒரு சுவர் போல நின்றது. இன்று அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. அது விட்டுப்போகிற வைக்கோலை உடனே கட்டாவிட்டால் ஒரு மழையில் மக்கிப்போகும். கொல்லை வைத்த வீடும் இல்லை, மொத்தமாக வாங்கக் கையில் காசும் இல்லை. ஆகவே வாரத்துக்கு நாலு கட்டு என்று, விலை உச்சத்தில் இருக்கிற நாளிலும் வாங்க வேண்டியிருக்கிறது. ஏழைக்குத்தான் எதுவும் சில்லறை விலையில் கிடைக்கும்.

ஆகவே படப்பைப் பொதுவில் வைக்கலாம். மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் விளைச்சல் உள்ள ஆண்டில், அறுவடை சமயத்திலேயே பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கங்கள் வைக்கோலை வாங்கிக் கட்டி, பக்கத்திலேயே கூரை போட்ட கிடங்கில் அடுக்கிவைக்க வேண்டும். சங்கங்கள் ஏற்கெனவே மாட்டுத் தீவனம் விற்கின்றன, பால் பணத்தில் பிடித்துக்கொள்கின்றன. அதே முறையில் வைக்கோலும் கொடுக்கலாம். வறட்சி வருகிறபோது ஓடுவதற்குப் பதிலாக, விளைந்த ஆண்டிலேயே சேர்ப்பது. இதுதான் முக்கியம்.

"கிடங்கு கட்ட யார் காசு கொடுப்பது? தீப்பிடித்தால்? எலி தின்றால்?" நியாயமான கேள்விகள்தான். வைக்கோல் கிடங்கு ஆபத்து இல்லாத காரியம் இல்லை. ஒரே இடத்தில் மலை போலக் குவிப்பதைவிட, ஊருக்கு ஒன்றாகச் சிறிது சிறிதாக, வீடுகளை விட்டுத் தள்ளி வைப்பதுதான் பாதுகாப்பு. செலவும் ஆகும். ஆனால் வறட்சி ஆண்டில் அரசு எப்படியும் செலவு செய்யத்தான் போகிறது. கிடங்குக்குக் கொடுத்தால் அடுத்த ஆண்டும் கிடங்கு இருக்கும். லாரிக்குக் கொடுத்தால் புகைதான் மிஞ்சும்.

லாரி வாடகைக்கே அரசு மானியம் கொடுத்தால் என்ன என்றும் கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2018 வறட்சியில் தீவன லாரிச் செலவில் பாதியைக் கொடுத்தது. அவசரத்துக்கு அது சரி. ஆனால் வைக்கோலே குறைவாக இருக்கிற நேரத்தில் வாடகைக்குப் பணம் கொடுத்தால், வாங்குகிறவர் கையில் மிச்சமாகிற காசைப் பார்த்து விற்கிறவர் விலையை ஏற்றுவார். மானியம் சுற்றிக்கொண்டு போய் வேறு சட்டைப்பையில் விழும். இன்னொரு பயமும் உண்டு. 1996-ல் வெளியே வந்த பீகார் மாட்டுத்தீவன ஊழலில், லாரி என்று கணக்கில் காட்டிய வண்டிகளின் பதிவு எண்களைச் சரிபார்த்தபோது சில ஸ்கூட்டர், ஆட்டோ எண்களாக இருந்தன! ஓடாத லாரிக்குப் பில் போடுவதைப் போலச் சுலபமான திருட்டு வேறு கிடையாது. தூரம் குறைந்தால் திருட்டுக்கும் இடம் குறையும்.

கிடங்கு வருகிற வரை மாடு வைத்திருக்கிறவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அவ்வளவு வாடகை கொடுத்துக் கொண்டுவருகிற வைக்கோலில் சத்து மிகக் குறைவு. புரதம் நாலு சதவீதம்கூட இருக்காது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால் புரதமும் கூடும், செரிமானமும் கூடும். கால்நடை மருத்துவரிடம் கேட்டு அளவு பிசகாமல் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. பத்து பெண்கள் சேர்ந்து ஒரு லோடு இறக்கிப் பங்கு போட்டுக்கொண்டால் குட்டியானைச் செலவும் குறையும்.

ஆனால் எல்லாப் பாரத்தையும் அவர்கள் தலையிலேயே ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பால் விலை 2 ரூபாய் ஏறினால் காலை காபியோடு சேர்த்து அரசாங்கத்தைத் திட்டுகிற நகரத்து மக்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பழங்காநத்தத்தில் ஒரு மாடு குறைந்தால், அந்தப் பாலும் நாளைக்கு வெளியூரிலிருந்து லாரியில்தான் வர வேண்டும். அப்போது வாடகை நம் டம்ளருக்குள் வந்துவிடும்.

அடுத்த முறை இரவில் அந்த வைக்கோல் லாரி ஆடி ஆடி வரும்போது ஹாரன் அடிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அது எந்த ஊரிலிருந்து வருகிறது? பக்கத்து வயலிலிருந்து என்றால் நிம்மதி. தஞ்சாவூரிலிருந்து என்றால், உள்தெருவில் யாரோ ஒரு அக்கா இந்த மாதம் 522 ரூபாய் கூடக் கொடுக்கப்போகிறார். ஒரு மாட்டுக்கு. அவரிடம் இரண்டு மாடு இருக்கிறது.